அனுபவம் யாருடையது?

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க மனுப் போடுகிறவர்கள், நோயாளிகள் பக்கத்தில் இருந்த அனுபவத்தை மணிக்கணக்கோடு எழுதிக் காட்டுகிறார்கள். இங்கே நீட்டில் 720க்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எங்கம்மா திண்டுக்கல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது வருசம் துப்புரவு வேலை பார்த்தாள். ரத்தத்துணி, பெட்பேன், பிணவறை எல்லாம் அவள் கைபட்டவை. ராத்திரியில் வலி கண்ட புள்ளத்தாச்சிகள் பிடித்துக்கொண்டதும் அந்தக் கையைத்தான். விடிந்ததும் அந்தக் கையால் தண்ணி வாங்கிக் குடிக்கச் சிலருக்கு மனசு வராது. வசதியான வீட்டுப் பிள்ளை விரும்பிச் செய்தால் அனுபவம். எங்கம்மா செய்தால் சாதித்தொழில்.

அப்படியானால் இதற்கும் மார்க் போடச் சொல்லலாமா? வேண்டாம் என்கிறேன். நாளைக்கு அதையும் காசுள்ளவன் வாங்கிவிடுவான். நம்ம பிள்ளைகளிடம் 'ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே' என்று துடைப்பத்தைத் திரும்ப நீட்டுவான்.

பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய அனிதாவை 2017இல் பறிகொடுத்தோம். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. நம்ம பிள்ளைகள் படித்தே உள்ளே போகட்டும்.

போகிறவர்கள் எங்கம்மா கையால் தண்ணி வாங்கிக் குடிப்பார்களா? அதைக் கேட்கிற பரீட்சை எந்த நாட்டிலும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.