பல பெயர்களும் ஒரு மனிதரும்

ஒரே மனிதர் ஒரே வேளையில் நான்கு வாசல்களில் நான்கு பெயர்களோடு நிற்கலாம் என்பதைக் கணினி நமக்குக் கற்பித்தது. திரையில் உடனுக்குடன் உரையாட உதவும் ஐ.சி.கியூ. சேவை 1996 இல் இஸ்ரேலில் பிறந்தது. 1997 இல் ஏ.ஓ.எல்., 1998 இல் யாகூ, 1999 இல் மைக்ரோசாஃப்ட் எனப் பிறரும் தத்தம் சேவைகளைத் தொடங்கினர். ஒன்றில் இருந்தவர் மற்றொன்றில் இருந்தவரோடு பேச இயலவில்லை. மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ இல்லாத இந்த மதிலை எழுப்பியது, வாடிக்கையாளரைத் தன் தொழுவத்திலேயே கட்டிவைக்க விரும்பிய வணிக நோக்கமே. ஆகவே நண்பர்கள் இருந்த இடமெல்லாம் ஒரு கணக்குத் தொடங்க வேண்டியதாயிற்று. அனைத்தையும் ஒரே சாளரத்தில் சேர்க்க 2000 இல் டிரில்லியன் என்னும் மென்பொருள் வந்தது. 2002 இல் ஏ.ஓ.எல். அதைப் பலமுறை தடுத்தது.

இதுவரை குற்றம் நிறுவனங்களுடையது. ஆனால் பிறர் கட்டிய மதில் நாளடைவில் நமக்கும் வசதியாகிவிட்டது. அலுவலகத்திற்கு ஒரு பெயர், உறவினருக்கு ஒரு பெயர், எவரும் அறியாத மற்றொரு பெயர்! இது வஞ்சகமா? அவ்வாறு அவசரமாகத் தீர்ப்பிட மனம் ஒப்பவில்லை. மேலதிகாரியிடம் பேசும் மொழியில் தாயிடம் பேசுவார் உண்டோ? உண்மையை விவேகத்தோடு மறைப்பது வேறு, பொய்யுரைப்பது வேறு என்று புனித தோமா அக்குவினாஸ் பிரித்துக் காட்டினார். கொடுமைக்காரக் கணவனுக்கு அஞ்சும் பெண்ணொருத்தி, தன் அக்காவோடு பேசத் தனிக் கணக்கு வைத்திருந்தால் அவளைப் பொய்யள் என்போமா?

இடர் வேறிடத்தில் உள்ளது. யாகூ சேவையில் இணைப்பில் இருந்துகொண்டே இல்லாதவர்போல் தோன்ற முடிந்தது. பின்னாளில், வேண்டாத சிலருக்கு மட்டும் அவ்வாறு தோன்றவும் வழி செய்தார்கள். கடன் கொடுத்தவர் வாசலுக்கு வரும்போது பிள்ளையை அனுப்பி, 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லச் சொல்லும் பழைய வித்தைதான் இது. இங்கே பிள்ளையின் இடத்தில் பொறி நிற்கிறது. நாம் வாய் திறக்கவில்லை என்ற ஆறுதலும் மிஞ்சுகிறது. இந்த வசதி எல்லாரும் அறிந்ததுதானே, இதில் ஏமாறுபவர் யார் என்று சிலர் கேட்பர். ஏமாறாமல் இருக்கலாம், ஆனால் ஐயம் குடியேறிவிடுகிறது. மெய்யாகவே வெளியே சென்றிருக்கும் நண்பரும் ஒளிந்திருப்பவராகவே எண்ணப்படுகிறார்.

ஏ.ஓ.எல். சேவை 2017 இலும் யாகூ 2018 இலும் மூடப்பட்டன. இன்று வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் என வாசல்கள் மாறியுள்ளன, பழக்கம் மாறவில்லை. 2024 ஜூனில் ஐ.சி.கியூ.வும் நின்றது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணே அடையாளம். அந்த எண்ணால் மட்டுமே ஒருவரை அறிந்திருந்தவருக்கு, அவரைத் தேட வேறு பெயர் எதுவும் கையில் இல்லை.