மாமா, இதை நாமதான் கட்டினோமா?

பள்ளி விடுமுறைக்கு வடக்கே போகிற நம்மில் பலர் பினாங்கோடு திரும்பிவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் ஓட்டி மெர்போக் பக்கம் போனால், ஜெராய் மலையடிவாரத்தில் ஓடையோரமாக புக்கிட் பத்து பகாட் சண்டி நிற்கிறது. 1930களில் தோண்டியெடுத்து, 1960இல் சீரமைத்த பழங்கோயில்.

அங்கே அக்கா மகன் கேட்டான்: "மாமா, இது ராஜேந்திர சோழன் கட்டினதா?"

ஆமாம்னு சொல்லியிருந்தா அவனுக்குப் பெருமை, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அதற்குச் சான்று கிடையாது. 1025இல் சோழர் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியதுதான் தெரியும். அரசனைப் பிடித்ததையும் செல்வத்தை அள்ளியதையும் தஞ்சைக் கல்வெட்டே சொல்கிறது. இன்னொருத்தர் ஊரில் நடந்த சூறை அது. நம்ம மேடைகளில் அந்தப் பாதி வருவதில்லை.

பிள்ளைக்குப் பெருமை வேண்டாமா? வேண்டும்தான். பொய்யைக் கலந்து கொடுத்தால், பின்னாளில் அவனே தேடிப் படிக்கும்போது, நாம் சொல்லிக்கொடுத்த சாமியையும் சேர்த்துச் சந்தேகப்படுவான். அதனால் முழுசாகச் சொன்னேன்.

"அப்போ நாம கெட்டவங்களா மாமா?"

"இல்லடா. சண்டைக்கு வந்தவங்களும் உண்டு, வியாபாரத்துக்கு வந்தவங்களும் உண்டு. இங்க யாரோ தினமும் விளக்கும் ஏத்தியிருப்பாங்க."

சுங்கை பட்டாணி டோல் வரை பேசாமல் வந்தான். பிறகு கேட்டான்: "விளக்கு ஏத்தினவங்க பேரு எங்கயும் எழுதலையா?"