சிற்றுயிரைக் கரைத்து அறிதல் அறமாகுமா?

கடலில் மிதந்து வாழும் சிற்றுயிர்கள் பிளாஸ்டிக்கைத் தின்கின்றனவா என அறிய, இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கடல் ஆய்வாளர் மேற்கொண்ட முறைகள் அகிம்சையை விரதமாகக் கொண்ட நம் முன் ஒரு வினாவை வைக்கின்றன.

துடுப்புக்காலிகள் எனப்படும் உயிர்கள் பெரும்பாலும் அரிசியின் பாதியளவும் இரா. அவை நண்டுக்கு உறவானவை. நண்டுக்கோ நான்கறிவு எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அவற்றை நுண்வலையால் முகந்து, வடிகட்டிய கடல்நீரில் விட்டு, ஒளிரும் பாலிஸ்டைரீன் மணிகளை அதில் கலப்பர். அவற்றின் உடல் கண்ணாடி போன்றது. ஆதலின் நுண்ணோக்கியில் குடலினுள் மணிகள் மின்னக் காணலாம். மாத்யூ கோல் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 15 வகை மிதவையுயிர்களுள் 13 வகை அம்மணிகளை உட்கொண்டன. மணி தின்ற துடுப்புக்காலிகள் பாசியுணவைக் குறைத்துண்டன என்றும், சிறுத்த முட்டைகளை இட்டன என்றும், அவற்றுள் பொரிந்தவையும் குறைவு என்றும் 2015ஆம் ஆண்டு ஆய்வு கூறிற்று.

கடலிலேயே பிளாஸ்டிக்கைத் தின்ற உயிரின் வயிற்றை அறிவது எவ்வாறு? அங்கே மணிகள் ஒளிர்வதில்லை. ஆதலின் உடலையே கரைக்கின்றனர். கடுமையான அமிலமும் காரமும் நைலான் போன்றவற்றையும் சிதைத்துவிடும் என்பதால், 2014இல் நொதியைப் பயன்படுத்தும் முறையொன்றை வகுத்தனர். உயிர்ப்பொருளில் 97 விழுக்காட்டிற்கு மேல் கரைந்தது, பிளாஸ்டிக்குக்குச் சேதமில்லை. அதுவே அம்முறையின் சிறப்பாம்! பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வுக்கூடத்தில் முதுகெலும்புள்ள உயிர்களையும், பின்னர் சேர்க்கப்பட்ட கணவாய் இனங்களையும் காக்கிறது. துடுப்புக்காலிக்கு அதில் இடமில்லை.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்தனர்: இல்லப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, கருதிச் செய்வது. ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதைத் தொழில்வழி இம்சை என ஒதுக்கிவிடலாமா? நம்மால் இயலவில்லை. அடுப்பில் விழும் எறும்பை நாம் கருதி இடுவதில்லை. நொதியில் இடப்படும் உயிரோ அதற்கென்றே பிடிக்கப்பட்டது. பிற உயிர்க்கு நன்மை விளையும் என்பதனால் அச்செயல் கருதிச் செய்ததன்று என ஆகிவிடாது. (பள்ளியில் குளத்து நீர்த்துளியை நுண்ணோக்கியில் காட்டினால் பிள்ளைகள் வியப்பர், துளி உலர்ந்தபின் அதிலிருந்த உயிர்கள் என்னாயின எனக் கேட்கும் பிள்ளை அரிது.)

கொல்லாத வழியும் ஒன்றுண்டு. உயிரைத் தூய நீரில் விட்டு, அது கழிக்கும் மலத்தைத் திரட்டி நோக்கலாம். மணிகள் மலத்தோடு வெளிப்படுதலை 2013ஆம் ஆண்டு ஆய்வே காட்டியது. உடலில் தங்கிவிட்டதை இவ்வழி காட்டாது. எனினும் இது போதுமான இடத்தில் கரைத்தலை விடுக்க வேண்டும் என்பது நம் துணிபு.

ஆனால் அவர்களை மட்டும் குறை கூறுதல் எளிது. தம் ஆடையிழை பறந்து ஆய்வுப்பொருளில் விழாதிருக்க அவர்கள் பருத்தி அங்கி அணிகின்றனர். நம் இல்லங்களிலோ, பட்டுப்புழுவுக்கு இரங்கிப் பட்டைத் துறந்தவருள் பலர் பாலியெஸ்டர் புடவைக்கு மாறினர். அத்தகைய ஓர் ஆடையை ஒருமுறை சலவை இயந்திரத்தில் துவைத்தால் 1900க்கு மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என 2011இல் ஓர் ஆய்வு கண்டது. குடிநீரை வடிகட்டி, துணியில் தங்கிய உயிரை எடுத்த கிணற்றிலேயே விடும் மரபினர் நாம். துவைத்த நீர் எங்குச் செல்கிறதென்று எண்ணுகிறோமா? அவ்விழைகளைப் பிடிக்கும் வடிகட்டிகள் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை வாங்க இயலாதோர் அடுத்த புடவையைப் பருத்தியில் எடுக்கலாம்.