மந்திரமும் மருந்தும்

மனநெருக்கீட்டைத் தணிக்கவும் உடல்நலம் பேணவும் மந்திரத்தைக் கற்பிக்கலாமா என்னும் வினா, மந்திரம் தோன்றிய பாரதத்திலன்றி, அதனைப் புதிதாகப் பெற்ற ஐக்கிய அமெரிக்காவிலேயே வழக்குமன்றம் ஏறியது. நியூ ஜேர்சி மாநிலத்தின் ஐந்து அரசினர் பாடசாலைகளில் 1975-76 கல்வியாண்டில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் விருப்பப் பாடமாக இடம்பெற்றது. அது சமயமன்று, எச்சமயத்தாரும் பயிலத்தக்க அறிவியல் நெறி என்றனர் அதனைப் பரப்பியோர். ஆயின் மந்திரம் பெறும் மாணவன் பாடசாலைக்குப் புறத்தே ஓரிடத்துக்குக் கனியும் மலரும் வெண்ணிறக் கைக்குட்டையும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மகரிஷியின் குருவாகிய பிரமானந்த சரஸ்வதியின் படத்தின் முன் ஆசிரியர் வடமொழியில் பூசை நிகழ்த்தினார். மாணவனுக்கோ அம்மொழி தெரியாது. 1977இல் நீதிமன்றம் இதனைச் சமயப் போதனையென்றே தீர்த்தது. 1979இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

சட்டம் வினவியது அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள எல்லையை. அறம் வினவுவது வேறு. தான் எதன்முன் நிற்கிறான் என்பதை அறியாது நிற்பவன் செய்வது வழிபாடாகாது. அதனை வெறும் பயிற்சி என்பதும் மெய்யாகாது. ஓதுகின்றவர் அது துதியென்பதை அறிவார். அறிந்து வணங்குதலும் அறிந்து மறுத்தலும் மனிதனுக்கு உரியவை. மறைப்பு அவ்விரண்டையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறது. நன்மை தரும் பொய்யை வாய்மையோடு சேர்த்தெண்ணினாரே வள்ளுவர் என்று சிலர் வாதிடக்கூடும். அவர் வேண்டியது குற்றம் நீங்கிய நன்மை. பெறுபவனது தெரிவைக் கவர்ந்துகொண்டு அளிக்கும் நன்மை அத்தகையதன்று.

இதே தியானத்தை ஆராய்ந்த ஹாவர்ட் வைத்தியர் ஹேர்பேட் பென்சன் வேறு வழி சென்றார். தியானிக்கும்போது உடல் கொள்ளும் ஒட்சிசன் ஏறத்தாழ 17 சதவீதம் குறைவதாக அவரும் வேறு இருவரும் 1971இல் வெளியிட்டனர். 1975இல் எழுதிய நூலிலோ, இப்பயனுக்கு இரகசிய மந்திரம் வேண்டுவதில்லை, மூச்சு வெளிவருந்தோறும் 'ஒன்று' என மனத்துள் சொல்லினும் போதும் என்றார். மந்திரத்தின் உயிரைப் போக்கிவிட்டார் என்று பத்தர்கள் வருந்துவதில் நியாயமுண்டு. சைவ மரபில் ஐந்தெழுத்துத் தீட்சையாற் பெறப்படுவது. மலநீக்கமே அதன் இலக்கு. திருவருட்பயனில் உமாபதி சிவாசாரியார் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். குருதியமுக்கம் தணிவது அங்குப் பேசப்படும் பயனன்று.

எனினும் நோயுற்றவன் நிம்மதியாக உறங்க விரும்புவது இழிவான விருப்பமன்று. பென்சன் அவனுக்குத் தந்தது ஒரு சொல்லும் ஒரு மூச்சும் மாத்திரமே; அதற்குமேல் எதையும் தந்ததாக அவர் சொல்லவில்லை, எதையும் ஒளிக்கவுமில்லை. தெய்வப் பெயரை வெளிப்படையாக நீக்கியவர், அதனை மறைத்து வழங்கியவரிலும் அப்பெயருக்குக் குறைந்த தீங்கே இழைத்தார்.

பின்னொரு செய்தியும் உண்டு. விரும்பிய சொல்லைத் தெரிவுசெய்யுமாறு விடப்பட்டபோது, பென்சனின் நோயாளரிற் பலர் 'ஒன்று' என்பதை விடுத்துத் தத்தம் சமயத்தின் சிறு பிரார்த்தனைகளையே எடுத்துக்கொண்டனர். நம்பிக்கைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பை அவர் 1984இல் தனி நூலாகவே எழுத நேர்ந்தது.