கை சுத்தம், மனம் சுத்தமா?

இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அமெரிக்காவில் என்ற திட்டத்தில் நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். இப்போது இருப்பது கொலராடோ மாநிலத்தில். போன புரட்டாசியில் என் அறைத்தோழன் ஒரு வேலை கொடுத்தான். "நவம்பரில் முதல் தடவையாக எல்க் வேட்டைக்குப் போறேன். என்ன உடுப்பு, என்ன சாமான் வாங்கணும்னு கணக்குப் போட்டுக் கொடு. கையில காசு கம்மி" என்றான்.

எல்க் என்பது நம் ஊர் ருசாவைவிடப் பெரிய மான். ஆண் மான் 300 கிலோவைத் தாண்டும். எனக்குச் சங்கடமாகிவிட்டது. புரட்டாசி விரதம், வாயில் அசைவம் படாது. ஆனால் கொல்லப் போகிறவனுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கலாமா? கொல்வது அவன், பட்டியல் மட்டும்தானே நான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அவன் காட்டியது இலை, மரப்பட்டை படம் போட்ட விலை உயர்ந்த ஜாக்கெட். வேண்டாம்னு சொன்னேன். துப்பாக்கி வேட்டையில், இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறம் தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறம் என்பது கொலராடோ சட்டம். மற்ற வேட்டைக்காரர் மானென்று நினைத்து உன்னைச் சுட்டுவிடக் கூடாது. மான் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். எப்படியும் ஆரஞ்சு அங்கியால் மூடப்போகும் ஜாக்கெட்டுக்கு ஏன் அவ்வளவு காசு? அந்தக் காசைக் காலணியில் போடு, ஒரு மாதம் முன்னாலேயே போட்டு நடந்து பழகு என்றேன்.

அடுத்தது துணி. பருத்தி கூடாது. வியர்வையிலோ பனியிலோ நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் சூடு காக்கும் அடுக்கு, வெளியே காற்றும் மழையும் புகாத அடுக்கு. ஏறும்போது கழற்று, உட்காரும்போது போடு. இது வெப்பப் பரிமாற்றப் பாடம்தான், எனக்கு ஜாலியாக இருந்தது.

அப்போது அவன் சொன்ன ஒரு வார்த்தை என்னை நிறுத்தியது. "குளிர்ல கை நடுங்கினா குண்டு தப்பான இடத்துல படும். மான் காயத்தோட ஓடிப் போய் எங்கேயோ கிடந்து சாகும். அதுக்காகத்தான் நல்ல உடுப்பு."

அதற்குப் பிறகு பட்டியல் வேறு மாதிரி தெரிந்தது. தொலைநோக்கி, எதைச் சுடுகிறோம் என்று உறுதி செய்ய. கூரான கத்தியும் காற்றோட்டமான துணிப் பைகளும், இறைச்சி கெட்டுப்போகாமல் இருக்க. சட்டகம் வைத்த முதுகுப்பை, அதைச் சுமந்து வர. சாப்பிடக்கூடிய இறைச்சியை வீணாக்கிக் காட்டிலேயே விட்டு வருவதும் அங்கே குற்றம். ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு கடமை இருந்தது.

"சரி, நீ சாப்பிடற கோழிக்கு என்ன கத்தி, எவ்வளவு நேரம்?" என்று அவன் கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பசாரில் உரித்து வைத்த கோழியைத்தான் எனக்குத் தெரியும்.

நம் கூட்டங்களில் முனீஸ்வரர் கோயிலில் ஆடு, கோழி பலியிடுவதைப் பற்றி எவ்வளவு சூடாகப் பேசியிருக்கிறோம்! கூட்டம் முடிந்ததும் எத்தனை பேர் நேராகப் பொரித்த கோழி சாப்பிடப் போனோம்? நானும்தான். நம்மை உறுத்தியது கொலையா, அதைப் பார்க்க நேர்ந்ததா?

மகாபாரதத்தின் வன பர்வத்தில் தர்மவியாதர் வருகிறார். மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர். தர்மம் கற்க வந்த கௌசிகரிடம், ஏர் உழும்போதும் மண்ணுக்குள் உயிர்கள் சாகின்றன, யாரையும் வருத்தாமல் வாழ்பவர் யார் என்று கேட்கிறார். "பார்த்தியா, எல்லாமே ஹிம்சைதான், அப்போ எது வேணும்னாலும் செய்யலாம்" என்று சிலர் இதை வசதியாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் தாமே கொல்வதில்லை, இறைச்சி உண்பதும் இல்லை. முழுதாகத் தவிர்க்க முடியாது என்பது, முடிந்ததைத் தவிர்க்காமல் இருக்கச் சாக்கு அல்ல.

அதனால் என் நண்பன் செய்தது சரி என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. எவ்வளவு கவனமாகக் கொன்றாலும் அந்த மானுக்கு அது சாவுதான். பருப்புச் சோற்றிலும் அவன் உயிர் வாழலாம். கவனம் கொலையைத் தர்மமாக்காது. ஆனால் பொறுப்பு என்று பார்த்தால், அவன் என்னைவிட ஒரு படி மேலே நின்றான். தான் செய்வதை அவன் கண்ணால் பார்க்கிறான். நான் காசு கொடுத்து வேறொருவர் கையால் செய்விக்கிறேன், பிறகு கை கழுவி விபூதி பூசுகிறேன்.

நவம்பரில் அவன் அழைத்தான். "அடிச்சிட்டேன். தூக்க ஆள் வேணும், வர முடியுமா?" சொன்னால் கோபிப்பீர்களோ தெரியாது, நான் போனேன். ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு பனியில் நடந்தேன். ஒரு பெண் மான். பின்னங்கால் ஒன்றைத் துணிப் பையில் கட்டி என் முதுகில் ஏற்றினார்கள். மூன்று அடுக்கு உடுப்பையும் தாண்டி அதன் சூடு என் முதுகில் தெரிந்தது. பட்டியலில் எல்லாம் எழுதியிருந்தேன், இதை எழுதவில்லை.

அன்று இரவு அவன் சமைத்தான். நான் சாப்பிடவில்லை. அதில் பெருமைப்படவும் எனக்கு உரிமை இல்லை.

நான் முழுச் சைவமாகிவிட்டேன் என்று எழுதினால் பொய். வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாக இருந்தவன் இப்போது வாரத்தில் ஐந்து நாள் இருக்கிறேன். அம்மா போனில், "ஏன்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார். மீதி இரண்டு நாளும் தட்டில் கோழி வரும்போது முதுகில் அந்தச் சூடு தெரிகிறது. தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

அடுத்த முறை நம் கூட்டத்தில் பலியைப் பற்றிப் பேச்சு வந்தால், "நேத்து நான் என்ன சாப்பிட்டேன், அதை யார் கொன்றார்?" என்பதையும் கேட்டுக்கொள்வோம். நான் ஊருக்கு வந்ததும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். முதலில் என்னிடமே கேளுங்கள்.