முதுசொமும் கடனும்: ஒரு குடியேற்றக் குடும்பத்தின் ஆவணங்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்

ஒரு குடும்பத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோன் இறுதியில் வந்தடைவது கடிதங்களையோ நினைவுக் குறிப்புகளையோ அன்று; காணி உறுதிகளையும் மரணசாதனங்களையுமேயாம். தம்மைப்பற்றி எழுதும் மனிதர் தம்மை அறியாமலேனும் சிறிது அலங்கரித்துக் கொள்வர். காணியின் எல்லையை எழுதும்போதும், கொடுகடனைக் குறிக்கும்போதும், இன்ன பொருள் இன்னாருக்கு என விதிக்கும்போதும் அலங்காரத்துக்கு அதிகம் இடமில்லை. ஆதலின் இவ்வாவணங்களை நேர்மையானவை என ஆய்வாளர் கொள்வது இயல்பே. எனினும் அந்நேர்மைக்கு ஓர் எல்லை உண்டு. உடைமையைப் பதிவதற்கென எழுந்த ஏடு உடைமையாளனின் கண்ணாலேயே உலகைக் காண்கின்றது. அக்கண்ணுக்கு மனிதரும் உடைமையாகத் தோன்றியிருப்பின் அவ்வேட்டை நாம் எவ்வாறு வாசிப்பது? அவ்வுடைமையைப் பெற்ற வழித்தோன்றலிடம் எதைக் கேட்பது? இவ்வினாக்களை வெறும் கருத்துநிலையில் ஆராய்வதிலும் பார்க்க, ஆவணங்கள் நிறைவாகக் கிடைக்கும் ஒரு குடும்பத்தை முன்வைத்து ஆராய்வதே நன்று. வட அமெரிக்காவின் வேர்ஜீனியாவிற் குடியேறிய வாஷிங்டன் குடும்பத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் முதற் சனாதிபதியான ஜோர்ஜ் வாஷிங்டனின் பூட்டன் ஜோன் வாஷிங்டன். 1657 ஆம் ஆண்டளவில் வணிகக் கப்பலொன்றின் அலுவலராக வேர்ஜீனியாவுக்கு வந்த அவர், கப்பல் ஆற்றிலே தரைதட்டியதன் பின் அங்கேயே தங்கி, நிலமுடைய ஒருவரின் மகளை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் நிலம் வழங்கினார். சீதனத்தோடு தொடங்கும் குடும்ப வரலாறு எமக்குப் புதியதன்று. ஆனால் அவர் பின்னர் நிலம் சேர்த்த முறை எமக்குப் புதியது. அக்காலத்து வேர்ஜீனியாவில், ஓர் ஆளைக் கடல்கடந்து கொண்டுவரும் செலவை ஏற்பவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் உரித்தாயிற்று. வந்தவன் ஒப்பந்த வேலையாளாயினும் அடிமையாயினும் நிலம் அவனுக்கன்று, அவனைக் கொண்டுவந்தவனுக்கே. 1674 இல் ஜோனும் நிக்கலஸ் ஸ்பென்சர் என்பாரும் பொட்டோமாக் ஆற்றங்கரையில் 5000 ஏக்கருக்கு மானியம் பெற்றனர். நூறு தலைகளுக்குரிய நிலம் அது. பின்னாளில் மவுண்ட் வேர்ணன் எனப் புகழ்பெற்ற பண்ணை அந்நிலத்திலேயே எழுந்தது.

அந்நிலப்பரப்பு அதற்குமுன் டோக் மக்கள் வாழ்ந்த பகுதியாகும். உறுதியில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களும் அயற்குலத்தவரும் இக்குடும்பத்தை வேறொரு வகையிற் பதிவு செய்துகொண்டனர். 1675 இல் சஸ்குவெஹானக் குலத்தவரின் கோட்டையை வேர்ஜீனிய, மேரிலாந்துப் படையினர் முற்றுகையிட்டபோது, பேச்சுக்கென வெளிவந்த தலைவர் ஐவர் கொல்லப்பட்டனர். வேர்ஜீனியப் படையை நடத்தியோருள் ஜோன் ஒருவர். கொலைக்குப் பொறுப்பு யாருடையது என இரு தரப்பினரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர். அம்மக்கள் ஜோனுக்குக் ‘கொனொடொகாரியஸ்’ எனப் பெயரிட்டனர். ஊர்களை விழுங்குபவன் என்பது அதன் பொருள். 1753 இல் இளம் ஜோர்ஜ் தூது சென்ற இடத்தில், பழங்குடித் தலைவர் ஒருவர் அவரையும் அதே பெயரால் அழைத்தார். எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் பெயர் பூட்டனிலிருந்து பூட்டப்பிள்ளைக்கு இறங்கியிருந்தது. எந்த நீதிமன்றமும் பதியாத முதுசொம் இது. நிலத்தைப் பெற்றவன் இதனையும் சேர்த்தே பெறுகின்றான் என்று அப்பெயரை வைத்தவர்கள் கருதினர் போலும்.

நிலம் கைமாறிய வரலாற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1743 இல் தந்தை அகஸ்ரின் இறந்தபோது பதினொரு வயதுச் சிறுவனான ஜோர்ஜுக்கு ஒரு சிறு பண்ணையும் பத்து அடிமைகளும் கிடைத்தன. மவுண்ட் வேர்ணன் மூத்தாரத்துத் தமையன் லோறன்ஸைச் சேர்ந்தது. 1752 இல் லோறன்ஸ் மறைந்த பின், சீவிய உருத்துப் பெற்ற அவரது மனைவியிடமிருந்து ஜோர்ஜ் அதனைக் குத்தகைக்கு எடுத்தார். 1761 இல் அவ்வம்மையார் இறந்த பின்னரே முழு உரிமையாளரானார்.

எமது வினாவுக்கு முதன்மையானது அவரது திருமணமாகும். 1759 இல் அவர் மணந்த மார்த்தா, பெருஞ்செல்வரான டானியல் பார்க் கஸ்ரிஸ் என்பாரின் விதவை. கஸ்ரிஸ் 1757 இல் மரணசாதனம் எழுதாது இறந்தார். ஆகவே அவரது ஆதனத்தில் மூன்றிலொரு பங்கின்மீது மார்த்தாவுக்குச் சீவிய உருத்து மட்டுமே சட்டப்படி கிடைத்தது. அப்பங்கில் எண்பதுக்கு மேற்பட்ட அடிமைகளும் அடங்குவர். பயனை அனுபவிக்கலாம், விற்கவோ விடுவிக்கவோ முடியாது, மார்த்தா இறந்தால் அவர்கள் கஸ்ரிஸின் வழித்தோன்றல்களைச் சேர்வர். பிள்ளையின் நிலை தாயின் நிலையையே தொடரும் என 1662 இல் வேர்ஜீனியா சட்டம் இயற்றியிருந்தது. ஆதலால் அப்பெண்களின் பிள்ளைகளும் கஸ்ரிஸ் ஆதனத்தையே சேர்ந்தனர், தந்தை யாராயினும்.

1799 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வாஷிங்டன் தம் பண்ணையிலுள்ள அடிமைகள் அனைவரையும் பட்டியலிட்டார். மொத்தம் 317 பேர். அவருள் 123 பேர் வாஷிங்டனுக்குரியோர். 153 பேர் கஸ்ரிஸ் ஆதனத்தைச் சேர்ந்தோர். ஏனையோர் பெரும்பாலும் அயலவரொருவரிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டவர். பெயர், வயது, தொழில் என்பவற்றுடன், யார் யாருடைய கணவன், யார் யாருடைய மனைவி என்பதும் அதிற் குறிக்கப்பட்டுள்ளது. அடிமைகளின் மணத்தைச் சட்டம் மணமாக ஏற்கவில்லை. சட்டம் ஏற்காத உறவுகளை உடைமையாளனின் கணக்கேடு ஏற்றுக்கொண்டுள்ளது. தச்சன் ஐசக் வாஷிங்டனுக்குரியவன். அவன் மனைவி, பாற்பண்ணையில் வேலைசெய்த கிற்றி, கஸ்ரிஸ் ஆதனத்தைச் சேர்ந்தவள். அவர்களுக்கு ஒன்பது பெண்மக்கள். ஒரே வீட்டில் தந்தை ஓர் ஆதனத்துக்கும் தாயும் ஒன்பது பெண்களும் வேறோர் ஆதனத்துக்கும் உரியோராயிருந்தனர்.

இப்பட்டியல் எழுதப்பட்ட அடுத்த மாதம், யூலை 9 ஆந் திகதி, வாஷிங்டன் தமது மரணசாதனத்தைத் தம் கைப்பட எழுதி முடித்தார். தமக்குரிய அடிமைகள் மார்த்தாவின் மறைவுக்குப் பின் விடுதலை பெறவேண்டும், முதியோருக்கும் இயலாதோருக்கும் உணவும் உடையும் அளிக்கப்படவேண்டும், ஆதரவற்ற சிறுவருக்கு எழுத்தறிவும் தொழிலும் கற்பிக்கப்படவேண்டும், எவரையும் வேர்ஜீனியாவுக்கு வெளியே விற்கலாகாது என அதில் விதித்தார். போர்க்காலமெங்கும் உடனிருந்த வில்லியம் லீக்கு உடன் விடுதலையும் ஆண்டுக்கு 30 டொலர் உதவியும் அளித்தார். முதியோருக்கான கொடுப்பனவுகளை நிறைவேற்றுநர் 1833 வரை செலுத்தி வந்தனர். அக்காலத்து ஆட்சித்தலைவர் பலர் செய்யாத செயல் இது. அதனைக் குறைத்து மதிப்பது நீதியன்று.

ஆயினும் மரணசாதனத்தால் அளிக்கப்படும் விடுதலை எத்தகைய கொடை என்பதைச் சிந்திக்க வேண்டியுள்ளது. கொடை என்பதன் பெறுமதி, கொடுப்போன் இழப்பதைக் கொண்டும் ஓரளவு அளக்கப்படும். இறந்தவன் எதனையும் இழப்பதில்லை. அவனது உழைப்பாளிகளை அவன் தன் இறுதிநாள்வரை அனுபவித்துவிட்டான். இதே வேர்ஜீனியாவில், பெருநிலக்கிழாரான மூன்றாம் றொபேட் காட்டர் 1791 இல் வேறொன்று செய்தார். நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட தம் அடிமைகளைப் படிப்படியாக விடுவிப்பதற்கு நன்கொடை உறுதி எழுதி நீதிமன்றத்தில் ஒப்படைத்தார். தனியார் தம் அடிமைகளை விடுவிக்கலாம் என 1782 இலேயே வேர்ஜீனியச் சட்டம் இடமளித்திருந்தது. உறுதி, எழுதியவன் உயிரோடிருக்கும்போதே செயற்படுவது. அயலவரின் சினத்தையும் உறவினரின் எதிர்ப்பையும் வருவாயின் வீழ்ச்சியையும் காட்டர் தாமே தாங்க வேண்டியிருந்தது. ஈற்றில் அவர் வேர்ஜீனியாவை விட்டே வெளியேறினார். வாஷிங்டனின் பெயரைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். காட்டரை அறிந்தோர் மிகச் சிலரே. இதுவும் சிந்தனைக்குரியது.

வாஷிங்டன் விடுதலையைப் பின்தள்ளியமைக்குக் காரணம் கூறியுள்ளார். இரு ஆதனத்தவரும் மணத்தாற் கலந்துள்ளனர். ஒரு பகுதியினரை மட்டும் விடுவித்தால் துயரம் விளையும். மற்றப் பகுதியினரை விடுவிக்கும் அதிகாரம் தமக்கில்லை என்பது அவர் வாதம். வாதம் பொய்யன்று. ஆனால், சட்டம் கையைக் கட்டியுள்ளது என்போன் கட்டப்படாத கையால் என்ன செய்தான் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. 1796 இல் மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் பிலடெல்பியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ஷயருக்குச் சென்றாள். அவளும் கஸ்ரிஸ் ஆதனத்தைச் சேர்ந்தவளே. அவளை மீளப்பெற வாஷிங்டன் பன்முறை முயன்றார். விடுவிக்க அதிகாரமில்லாதவருக்குத் துரத்திப் பிடிக்க அதிகாரம் இருந்தது. 1848 இல் இறக்கும்வரை ஓனா சட்டத்தின் கண்ணில் ஓர் ஆதனத்தின் பொருளாகவே இருந்தாள்.

வாஷிங்டன் 1799 டிசெம்பரில் மறைந்தார். தமது சாவை எதிர்நோக்கி நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைக்குக் காத்திருக்கும் வீட்டில் வாழ்வது மார்த்தாவுக்கு அச்சத்தைத் தந்தது என, அடுத்த ஆண்டு அங்கு சென்ற அபிகேயில் அடம்ஸ் எழுதியுள்ளார். 1801 ஜனவரி முதலாந் திகதி மார்த்தா கணவரின் அடிமைகளை விடுவித்தார். 1802 இல் அவர் இறந்தபோது கஸ்ரிஸ் ஆதனத்தவர் நான்கு பேரப்பிள்ளைகளுக்கிடையே பங்கிடப்பட்டனர். ஐசக் விடுதலையடைந்திருந்தான், கிற்றியும் பிள்ளைகளும் அடையவில்லை. மார்த்தாவுக்கு முழுவுரிமையுடன் சொந்தமாயிருந்த அடிமை ஒருவனே; எலிஷா என்பது அவன் பெயர். எந்தச் சட்டமும் தடுக்காத அவனையும் அவர் பேரனுக்கே எழுதிவைத்தார். இந்த ஒரு வரி, சட்டத்தின்மீது சுமத்தப்பட்ட பழி முழுவதையும் மீண்டும் எடைபோடச் செய்கின்றது.

வாஷிங்டன் மரணசாதனத்தின் தொடக்கத்திலேயே ஒரு விதி உள்ளது. தமது கடன்கள் சிலவே என்றும் அவை தாமதமின்றித் தீர்க்கப்படவேண்டும் என்றும் அவர் எழுதினார். எந்த நாட்டு மரணசாதனச் சட்டத்திலும் இது பொது நெறி: கடன் நீங்கிய மிகுதியே முதுசொம். உருத்தாளி எவ்வளவு குற்றமற்றவனாயினும் ஆதனத்தின்மீதுள்ள கடனைத் தாண்டி எதையும் எடுக்க முடியாது. தந்தை பட்ட கடனுக்கு மகன் குற்றவாளியல்லன். ஆயினும் தந்தையின் காணியைப் பெற்றவன் என்ற வகையிற் பொறுப்பாளி. குற்றம் ஆளோடு அழியும். கடன் ஆதனத்தோடு தொடரும். மூதாதையர் செய்ததற்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம் எனக் கேட்போர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். நூறு தலைகளுக்குரிய நிலத்தைப் பெற்ற குடும்பம் அந்நூறு தலைகளுக்கும் கொடுக்க வேண்டியது எதுவுமில்லை என்று எண்ணியதாலேயே கடன்கள் சிலவே என எழுத முடிந்தது. கொடுகடன் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதும் கடனாளியின் கையில் இருந்தது.

இவ்வாதத்துக்கும் ஓரிடத்தில் தடை எழுகின்றது. மவுண்ட் வேர்ணனைப் பெற்ற தம்பி மகன் புஷ்றொட், நாட்டின் உயர்நீதிமன்ற நீதியரசர். 1821 இல் ஐம்பத்துநான்கு அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார். பெரியதந்தையாரின் மரணசாதனம் தடுத்த செயலையே அவர் தம் அடிமைகள்மீது செய்தார். 1858 இல் பண்ணை ஒரு மாதர் சங்கத்துக்கு இரண்டு இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. ஆதனம் இவ்வாறு சிதறிய பின் கடன் எதனைத் தொடரும்? பெயரை மட்டும் பெற்ற வழித்தோன்றலிடம் பணம் கேட்பது பொருந்துமா? எனக்கு இதில் முடிந்த முடிபு இல்லை. ஆதனம் சிதறினும் அதனால் விளைந்த நகரமும் கல்விச்சாலையும் அரசும் சிதறவில்லையாதலால், கடனைத் தனியாளிடமன்றி அவற்றிடமே கேட்கவேண்டும் என்ற கூற்று எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகின்றது.

இதனை வெள்ளையர் கதையெனக் கொண்டு நாம் அமைதியடைய இயலாது. 1707 இல் ஒல்லாந்த அலுவலர் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், நாம் பெருமையோடு எடுத்துரைக்கும் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் பற்றிய விதிகளுடன் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. அடிமைகள் ஒரு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும் பொருளாகவும் அதிற் காணப்படுகின்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இலேயே. எமது வீடுகளிலுள்ள பழைய உறுதிகளைக் காணித் தகராறுக்காக மட்டும் விரித்து வாசிக்கும் எம்மவர், அவற்றுள் வேறென்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று பார்ப்பது அரிது.

பட்டியலை வாசிப்போன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உடைமையாளன் எழுதிய ஒழுங்கைக் கலைத்து, பண்ணைவாரியாக நின்ற பெயர்களைத் தாய், தந்தை, பிள்ளை எனக் குடும்பவாரியாக அடுக்கலாம். மவுண்ட் வேர்ணன் ஆய்வாளரும், அம்மக்களின் வழிவந்தோரும் இதனையே செய்து வருகின்றனர். 1799 இற் சிறுமியாகப் பதியப்பட்டு 1801 இல் விடுதலை பெற்ற நான்சியின் மரபினரான குவாண்டர் குடும்பத்தினர் இன்றும் தம் வரலாற்றைப் பேணுகின்றனர். விடுதலை பெற்றோருள் பதினொருவர் 1835 இல் வாஷிங்டனின் கல்லறையைச் சூழ்ந்த நிலத்தைத் திருத்த முன்வந்தனர் என அயலூர்ப் பத்திரிகை எழுதியது. நான்சியும் அவர்களுள் ஒருத்தி. அது நன்றியா, தம் உறவினர் புதைந்த இடத்துக்கு மீளச்செல்ல ஒரு வழியா என்பதைப் பத்திரிகை கேட்கவில்லை.

அவ்வுறவினர் புதைந்த இடுகாடு கல்லறைக்குச் சிறிது தொலைவில் மரங்களிடையே உள்ளது. 1929 இல் ஒரு கல்லும், 1983 இல் கறுப்பின மாணவர் வடிவமைத்த நினைவுச் சின்னமும் அங்கு நாட்டப்பட்டன. 2014 முதல் தொல்லியலாளர் மேல்மண்ணை மட்டும் அகற்றி, மண்ணின் நிறவேறுபாட்டைக் கொண்டு புதைகுழிகளை அடையாளங் காண்கின்றனர். உள்ளே கிடப்போரைத் தொடுவதில்லை. பட்டியலிற் பெயர்கள் உள. மண்ணிற் குழிகள் உள. எப்பெயர் எக்குழிக்குரியது என்பதற்குப் பதிவு இல்லை.