குடிக்கப்படாத தண்ணீர்

அக்கினி நட்சத்திர நாள்களில் உழைப்போரின் துன்பம் என்றதும் நெல்லைச் சீமையில் வயலும் உப்பளமும் கட்டட வேலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கூரையின்கீழ் இருப்பவர் தப்பித்தார் என்று எண்ணிவிடுகிறோம். பழைய நெல்லை மாவட்டத்தில் ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்ற புதியம்புத்தூர் முதல் நம் நகரின் சிறு தையற்கூடங்கள் வரை, தையல் இயந்திரத்தின்முன் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் பெண்கள் பலர். தலைக்குமேல் தகரம் காய, பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி ஆவி கக்க, வெயில் படாத இடத்திலும் உடல் வெந்துபோகும்.

வியர்வை உடலைக் குளிர்விக்கிறது என்கிறோம். உண்மையில், வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றே ஈரத்தால் கனத்திருந்தால் வியர்வை வழியுமேயன்றி ஆற்றாது. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 31 பாகை செல்சியசைத் தாண்டினால், அசைவற்ற காற்றில் சும்மா இருப்பவரின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும் என்பதை ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர் 1905-லேயே காட்டினார். தையலுக்கு முந்திய தொழிலாகிய நூற்பில் இந்தத் தொல்லை இன்னும் பழையது. 1880-களில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை எழுந்த காலந்தொட்டு நாம் நூற்பாலைகளை அறிவோம். இழை அறாதிருக்க ஈரக்காற்று வேண்டும். நூலுக்கு இதமான காற்று நூற்பவருக்கு இதமானதன்று. செயற்கையாகக் காற்றை ஈரமாக்குவதற்கு வரம்பு கட்டவும், வெக்கையைத் தணிக்கவும், பெரிய தொழிற்சாலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வைக்கவும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தனித்தனிப் பிரிவுகளை வகுத்தது.

ஆகவே தண்ணீர் வைத்துவிட்டால் கடமை முடிந்ததா? பானை நிறைய நீர் இருந்தும் குடிக்காத பெண்கள் உண்டு. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் இயந்திரம் நிற்கும். பீஸ் ரேட்டில் கூலி குறையும், அல்லது அன்றைய டார்கெட் தவறி மேற்பார்வையாளரின் ஏச்சு விழும். நாவறள உட்கார்ந்திருந்துவிட்டு, நீர்க்கடுப்பையும் தலைசுற்றலையும் அவள் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறாள். “நாங்கள் தடுக்கவில்லையே, அவளாகத்தானே குடிக்கவில்லை” என்பது முதலாளி தரப்பின் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அவள் குழந்தையல்லள், கணக்குத் தெரிந்தே முடிவு செய்கிறாள்.

இங்கே குருமடத்தில் நாங்கள் பயின்ற ஒரு பழைய எடுத்துக்காட்டு உதவும். புயலில் சிக்கிய மாலுமி சரக்கைக் கடலில் எறிகிறான். அது அவன் விரும்பிச் செய்ததா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். அந்நேரத்தில் அவன்தான் எறிகிறான். ஆயினும் புயலின்றி எவனும் எறிய மாட்டான். ஆகவே அது கலப்பான செயல் என்றார் அவர். புனித தாமஸ் அக்குவினாஸும் இதனை எடுத்து ஆராய்ந்தார். தாகத்தை அடக்கும் பெண்ணும் இத்தகைய மாலுமிதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கடற்புயலை எந்த மனிதரும் உண்டாக்கவில்லை. பீஸ் ரேட்டையும் டார்கெட்டையும் மனிதர் ஒரு மேசையருகே அமர்ந்து எழுதினர். புயலை எழுதியவரே, “சரக்கை நான் எறியச் சொல்லவில்லை” என்று கூறலாமா?

வேறொரு தரப்பினர் இலாபத்தைக் காட்டி அறத்துக்கு வழி தேடுகின்றனர். பெங்களூருப் பகுதி ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய குழல்விளக்குகளை நீக்கி, வெப்பம் குறைந்த எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியபோது, வெப்பம் மிகுந்த நாள்களில் உற்பத்தி உயர்ந்ததாகப் பொருளியல் ஆய்வாளர் 2020-இல் வெளியிட்டனர். நல்ல செய்திதான், முதலாளிகளிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உற்பத்தி உயரவில்லை என்றால் அந்தப் பெண்களுக்குக் குளிர்ச்சி வேண்டாமா? இலாபம் காட்டினால்தான் கிடைக்கும் நீர், இலாபம் நின்றதும் நின்றுவிடும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்றது. அதுவும் வேண்டியதே, ஆனால் அது இறந்தபின் வருவது.

வேலை நேரத்தை அளக்கும்போது பருவத்தையும் கருத வேண்டும், ஒரு பருவத்தில் எளிதான வேலை மறு பருவத்தில் தாங்கொணாததாகும் என்று 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் எழுதினார். இவ்வளவு காலத்துக்குப் பின்னும் நம் பீஸ் ரேட்டுக்குச் சித்திரையும் மார்கழியும் ஒன்றே. கோடையில் மணிக்கொருமுறை பத்து நிமிட ஓய்வு, அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி, அருகில் தூய்மையான கழிப்பறை: இம்மூன்றும் சேர்ந்தால்தான் பானைத் தண்ணீர் குடிநீராகும். கூலியில்லா ஓய்வை எந்தத் தாயும் எடுக்க மாட்டாள்.

புயலை எழுதும் மேசையருகே நாமும் அமர்ந்திருக்கிறோம் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் சீருடை வேண்டும். தேர்வு முடிந்தபின் அளவெடுத்தால், தையல் முழுவதும் கத்தரி வெயிலில்தான் நடக்கும். பள்ளித் தாளாளர்களும் பெற்றோரும் தை, மாசியிலேயே துணி கொடுத்துவிடலாம். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களே என்பர் சிலர். இரண்டு விரற்கடை மடிப்பு விட்டுத் தைப்பது நம் ஊர்த் தையற்காரருக்குத் தெரியாததன்று.